எறும்பு வைத்தியர்

கைரவான் நகரத்துக்காரர்கள் அவரை ‘தபீப் அந்நம்ல்’ என்று அழைத்தார்கள். அரபியில் தபீப் என்றால் வைத்தியர், நம்ல் என்றால் எறும்பு. கேலியா மரியாதையா என்று பிரித்துச் சொல்ல முடியாத பட்டம். துனீசியாவின் அந்தப் பழைய புனித நகரத்துக்கு 1901இல் குடிவந்த சுவிஸ் டாக்டர் ஃபெலிக்ஸ் சாண்ட்ஷி, நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிச்சமிருந்த நேரத்தையெல்லாம் எறும்புகளுக்கே கொடுத்தார். ஊரார் வெயிலுக்கு ஒதுங்கும் நேரத்தில் வெட்டவெளியில் குந்தியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர். பக்கத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, மறைப்புக்கு ஓர் அட்டை. பட்டப்பெயர் வராமல் எப்படி இருக்கும்?

சென்ற வாரம் ஒட்டகத்தைப் பார்த்தோம். அதே சகாராவில் ஒட்டகமும் நிழல் தேடும் உச்சிவெயிலில் இரை தேடக் கிளம்பும் ஒரு குடும்பத்துக்கு இந்த வாரம் வருவோம். கட்டகிளிஃபிஸ் என்பது அந்தப் பேரினத்தின் பெயர். நீளக்கால், வேகநடை, பெரிய கண். பல இனங்கள் ஓடும்போது வயிற்றுப் பகுதியைச் செங்குத்தாகத் தூக்கிக்கொள்ளும். வெயிலில் விழுந்து செத்த பூச்சிகளைப் பொறுக்கித் தின்று பிழைப்பவை. இன்றைய கணக்கில் ஏறக்குறைய நூறு இனங்கள். மேற்கே மொராக்கோ, ஸ்பெயின். அங்கிருந்து சகாரா முழுதும், கிரேக்கம், துருக்கி, அரேபியா, ஈரான், மத்திய ஆசியா என்று கோபி வரைக்கும் ஒரு நீண்ட வறண்ட பட்டை. அந்தப் பட்டையின் ஒரு கிளை நம் நாட்டின் வடமேற்கு வறள்நிலத்தையும் தொடுகிறது.

இந்த எறும்புகளுக்குப் பெயர் வைத்த கதையைத் தோண்டினால், தோண்டிய இடமெல்லாம் டாக்டர்களாகவே வருகிறார்கள்.

தொடக்கம் மட்டும் விதிவிலக்கு. லின்னேயஸின் மாணவரான ஃபப்ரிசியஸ் 1793இல் ‘ஃபார்மிகா பைகலர்’ என்று ஒன்றைப் பதிவு செய்தார். முன்பாதி சிவப்பு, பின்பாதி கறுப்பு. ‘இருநிறத்தான்’ என்று பொருள்படும் பெயர். அன்றைக்கு எறும்பு என்றாலே அநேகமாக ஃபார்மிகாதான். பாலைவனத்து எறும்பும் ஐரோப்பியக் காட்டு எறும்பும் ஒரே பேரினத்தில் கிடந்தன. ஆஹன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஆர்னோல்ட் ஃபோர்ஸ்டர் 1850இல்தான் கட்டகிளிஃபிஸ் என்ற தனிப் பேரினத்தை உண்டாக்கினார். அதற்கு அவர் அடிப்படையாக வைத்த எறும்பு புதிய இனம் என்று நினைத்துத் தனிப் பெயரும் கொடுத்தார். பின்னால் பார்த்தால் அது பழைய பைகலரேதான்! பேரினம் நிலைத்தது, இனத்தின் பெயர் தள்ளுபடியானது.

அதற்கு ஒன்பது ஆண்டு கழித்து, இன்றைய போலந்தில் ரூடி என்று அழைக்கப்படும் ஊரிலிருந்து ஒரு பெயர் வருகிறது. அங்கே ராட்டிபோர் கோமகனின் அரண்மனை வைத்தியராக இருந்தவர் ஜூலியஸ் ரோகர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். ஜெர்மன்காரர். வைத்தியம் பார்க்கப் போன ஊர்களில் போலிஷ் பேசும் ஏழை ஜனங்கள் பாடிய பாட்டுகளை எழுதியெடுத்து, ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்து 1863இல் புத்தகமாகப் போட்டார். அந்த வட்டாரத்தில் மருத்துவமனைகள் எழும்பவும் காரணமாக இருந்தார். 1865இல் வேட்டைக்குப் போன இடத்தில் உயிர் பிரிந்தது, ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சிலேசியாவின் ஈரக்காட்டு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊசியில் குத்திவந்த பாலைவன எறும்புகளை 1859இல் இவர் ஆராய்ந்தார். ஒன்றுக்கு ‘பாம்பிசினா’ என்று பெயர் வைத்தார். பட்டுப் போன்றது என்று அர்த்தம். இன்னொன்றுக்கு ‘அல்பிகன்ஸ்’, அதாவது வெளுத்தது.

அந்தப் பட்டு என்ன செய்கிறது என்று தெரிய 2015 ஆகிவிட்டது. வெள்ளி எறும்பு என்று இன்று உலகமே அறிந்த பாம்பிசினாவின் உடம்பை மூடிய ரோமங்களைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நான்ஃபாங் யூ குழுவினர் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு ரோமமும் குறுக்கே வெட்டினால் முக்கோணம். வெயிலின் ஒளியைக் கண்ணாடிப் பட்டகம்போலத் திருப்பி அனுப்புகிறது. உடம்பின் சூட்டையும் வெளியே கடத்திவிடுகிறது. ரோமத்தை மழித்த எறும்போடு ஒப்பிட்டால் ரோமம் உள்ளதன் உடல் 5 முதல் 10 டிகிரி வரை குளிர்ச்சி. 53.6 டிகிரியில் இந்த எறும்பின் உடல் கட்டுப்பாட்டை இழந்துவிடும் என்பதால் அந்த ஐந்தும் பத்தும் உயிர் போகிற விஷயம். அதைப் பிடித்துத் தின்னும் பல்லி வெயில் தாங்காமல் வளைக்குள் போன பிறகு வெளியே வரவேண்டும். தானே வெந்துபோவதற்குள் திரும்பிவிடவும் வேண்டும். நடுப்பகலில் கிடைப்பது சில நிமிடங்கள். வினாடிக்கு 85 சென்டிமீட்டர் வரை, தன் உடம்பின் நீளத்தைப்போல நூறு மடங்குக்கு மேல் அது ஓடுவதாக 2019இல் ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தார் அளந்தார்கள். ஓடாமல் என்ன செய்யும்?

பெயர்க் கதைக்குத் திரும்பினால், 1862இல் பிரெஞ்சு டாக்டர் லியோன் டூஃபூர் ‘சவிக்னி’ என்ற இனத்தைச் சேர்த்தார். நெப்போலியனோடு 1798இல் எகிப்துக்குப் போன இளைஞர் சவிக்னி. அங்குள்ள பூச்சிகளையெல்லாம் வரிவரியாக வரைய வைத்தார், பிறகு கண்நோய் வந்து வெளிச்சமே ஆகாமல் போனது. படங்கள் அச்சாகின; விளக்கம் எழுத அவரால் முடியவில்லை, வேறொருவர் எழுத நேர்ந்தது. பார்வை போன மனிதரின் பெயர், பெரிய கண்ணுள்ள எறும்புக்கு.

இடையில் ஒரு குழப்பம். மெக்சிகோவிலும் அமெரிக்காவின் தென்மேற்கிலும் தேன்குட எறும்புகள் உண்டு. மிர்மிகோசிஸ்டஸ் என்று பெயர். அதுவும் வறள்நில வாசி, பார்வைக்கும் உறவுபோலத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சகாரா எறும்புகளை அந்தப் பேரினத்துக்குள்ளேயே அடைத்தவர்கள் உண்டு. பாலைவனம் ஒரே மாதிரி வேலை வாங்கினால் உடம்பும் ஒரே மாதிரி வந்து நிற்கும். நமீபியாவின் ஓசிமிர்மெக்ஸ், ஆஸ்திரேலியாவின் மெலோஃபோரஸ் இரண்டும் உச்சிவெயிலில் செத்த பூச்சி பொறுக்கும் இதே தொழிலைத்தான் செய்கின்றன. கட்டகிளிஃபிஸுக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. முகஜாடையை நம்பி உறவு சொன்னால் வரும் வினை.

இப்போது ஆகஸ்ட் ஃபோரெல். சூரிச் மனநல மருத்துவமனையின் இயக்குநர், எறும்பியலின் பெரியவர்; சுவிட்சர்லாந்தின் பழைய ஆயிரம் ஃபிராங்க் நோட்டின் ஒரு பக்கம் அவர் முகமும் மறுபக்கம் எறும்புகளும் இருந்தன. மனிதர்களைத் தரம்பிரித்த இனமேம்பாட்டுக் கொள்கையையும் அவர் ஆதரித்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அல்ஜீரியச் சகாராவில் மற்றவர்கள் சேகரித்து வந்த எறும்புகளை 1902இல் பார்த்தவர், ஒன்றை ரோகரின் அல்பிகன்ஸுக்குள் ஒரு வகையாகச் சேர்த்து ‘ஃபோர்டிஸ்’ என்றார். வலியது என்று பொருள். கொஞ்சம் பெரிது, கால் நீளம், அவ்வளவுதான். ஊசியில் காய்ந்துபோன எறும்பில் அதற்குமேல் என்ன தெரியும்?

கைரவானில் குந்தியிருக்கும் நம் டாக்டர் அவர்களிடமிருந்து வேறுபடுவது இங்கேதான். அவருடைய எறும்புகள் உயிரோடு ஓடின. 1911இல் அவர் வெளியிட்ட சோதனை எவ்வளவு எளிமையோ அவ்வளவு அழகு. இரையோடு வீடு திரும்பும் எறும்பின்மேல் அட்டையால் வெயிலை மறைத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணாடியால் சூரியனைக் காட்டினார். எறும்பு சட்டென்று திரும்பி எதிர்த்திசையில் நடந்தது. கண்ணாடியை எடுத்ததும் பழைய வழிக்கு வந்தது. மண்ணில் விட்ட வாசனையைப் பிடித்தே எறும்பு வழி கண்டுபிடிக்கிறது என்று சொல்லிவந்தவர்களுக்கு இது பெரிய அடி. பிறகு எறும்பைச் சுற்றி ஓர் உருளையை வைத்து, சூரியனே தெரியாமல் தலைக்கு மேலே ஒரு துண்டு வானத்தை மட்டும் விட்டார். அப்போதும் அது திசை தப்பவில்லை. ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. வானத்து ஒளியின் முனைவாக்கத்தைப் பூச்சிகள் பார்க்கின்றன என்று கார்ல் ஃபான் ஃபிரிஷ் தேனீக்களைக் கொண்டு 1949இல் நிறுவியபோது சாண்ட்ஷி இறந்து ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது.

ஆனால் பெயர் வைக்க உட்கார்ந்தால் அவரும் காலத்தின் பிள்ளைதான். வாழ்நாளில் ஏறக்குறைய 2,000 எறும்புப் பெயர்களை உண்டாக்கினார். இனம், அதற்குள் துணையினம், அதற்குள் வகை என்று ரயில்பெட்டி மாதிரி நீளும் பெயர்கள். 1929இல் கட்டகிளிஃபிஸுக்கென்றே ஒரு தனி ஆய்வு எழுதினார். நிறம் சற்று மாறினால் ஒரு பெயர், ரோமம் கூடினால் ஒரு பெயர். உயிருள்ள எறும்பிடம் அவ்வளவு பொறுமையாகக் கேள்வி கேட்ட மனிதர், மேசைக்கு வந்ததும் ஏன் இப்படி ஆனார் என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

முடிச்சை அவிழ்க்க, அவர் இறந்த அதே 1940இல் பிறந்த ஒருவர் வரவேண்டியிருந்தது. சூரிச் பல்கலைக்கழகத்தின் ருடிகர் வேனர், துனீசியாவின் காபேஸ் வளைகுடாக் கரையில் மஹரெஸ் என்ற ஊரைத் தளமாக வைத்துக்கொண்டு, 1960களின் கடைசியிலிருந்து ஆண்டுதோறும் கோடைக்கு அங்கே போனார். அவர் ஆராய்ந்தது முக்கியமாக எறும்பு வழி கண்டுபிடிப்பதைத்தான். வழியைப் படிக்க ஏற்ற இடம் உப்புப்படுகை. புல் இல்லை, கல் இல்லை, நிழல் இல்லை. வெள்ளைத் தரை, வானம். ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும் ஷாட் எல் ஜெரித் மாதிரியான இடங்கள். அங்கே நின்றால் ஒன்று கண்ணில் படும். படுகையின் ஓரத்தில் புதர் தொடங்கும் மண்ணில் பைகலர். உப்புக்குள் இறங்கினால் ஃபோர்டிஸ். நடுவே எல்லை.

‘கருப்பொருள்’ என்று நம் திணை இலக்கணம் நிலத்தோடு சேர்த்தே விலங்கையும் புள்ளையும் மரத்தையும் எண்ணியது இங்கே எனக்கு நினைவுக்கு வருகிறது. ஊசியின் அடியிலிருந்த சீட்டில் ஊர்ப்பெயர் இருந்திருக்கலாம்; உப்பு இல்லை. வேனர் 1983இல் உடலமைப்பு, இயக்கம், பரவல் மூன்றையும் சேர்த்துவைத்து எழுதி ஃபோர்டிஸைத் தனி இனமாக்கினார். 81 ஆண்டுகள் இன்னோர் எறும்பின் பெயருக்குள் அது குடியிருந்தது. ஏழாண்டு கழித்து டொனாட் அகோஸ்டி, ஆண் எறும்பின் இனப்பெருக்க உறுப்புகளை ஒப்பிட்டு, பேரினம் முழுவதையும் இனக்கூட்டங்களாகத் திருப்பி அடுக்கினார். நூற்றாண்டாகச் சேர்ந்த பெயர்க்குப்பையில் பெரும்பகுதி அப்போதுதான் ஒழுங்குக்கு வந்தது.

ஃபோர்டிஸின் நிலப்படம் சிறியது. துனீசியா, அல்ஜீரியாவின் உப்புப்படுகைகள். வெளியே வந்தால் கிடையாது. அந்த வெறுமையில் அது வழி தவறாமல் இருக்கச் செய்வதை ஜெர்மனியின் யேனா நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2023இல் வெளியிட்டார்கள். படுகையின் ஓரத்தில் உள்ள புற்றுகளின் வாய் கண்ணுக்கே தெரியாத மேடு. நடுப்பகுதிக்குப் போகப் போக, பார்த்து நடக்க வேறு அடையாளமே இல்லாத இடத்தில், வாயைச் சுற்றி 40 சென்டிமீட்டர் உயரம் வரைகூட மேடு கட்டியிருக்கிறது. ஆய்வாளர்கள் பதினாறு புற்றுகளின் மேடுகளை வெட்டித் தரைமட்டமாக்கினார்கள். எட்டின் பக்கத்தில் அரை மீட்டர் உயரக் கறுப்பு உருளைகளை நட்டார்கள், மற்ற எட்டை அப்படியே விட்டார்கள். மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, உருளை இல்லாத புற்றுகளில் மேடு மறுபடி எழும்பத் தொடங்கியிருந்தது. உருளை வைத்த புற்றுக்காரர்கள் பெரும்பாலும் மண்ணைத் தூக்கவே இல்லை.

(தொடரும்)