மாளிகைமேட்டில் மாளிகை எங்கே?

கடலூரிலிருந்து கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். வாடகைக் கார், தூக்குவாளியில் புளிசோறு, பின் இருக்கையில் ஆயாவும் இரண்டு பேரப்பிள்ளைகளும். ‘பொன்னியின் செல்வன்’ படம் பார்த்த நாளிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரே பிடிவாதம்: சோழர் அரண்மனையைப் பார்த்தே ஆக வேண்டும்.

இடிந்துபோன கட்டடங்கள் கடலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. தேவனாம்பட்டினத்துப் பக்கம் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து மதில்களைத் தகர்த்தார். மிச்சமிருப்பது கொஞ்சம் செங்கல்லும் கொஞ்சம் கதையும்தான். ஆனால் அது வெள்ளைக்காரன் கோட்டை, சண்டையில் போனது. கங்கை வரை படை அனுப்பிய ராஜேந்திர சோழன் கட்டிய மாளிகை அப்படிப் போயிருக்குமா என்ன?

முதலில் சிதம்பரம். அம்பலத்துக் கூரையில் பொன் மின்னுகிறது. அதற்குப் பொன் வேய்ந்தவன் முதலாம் பராந்தகன் என்கின்றன சோழச் செப்பேடுகள். அந்தக் கேள்விக்கான பாதி விடை இந்தக் கோயிலிலேயே இருக்கிறது. 1216-இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டின் மேல் படையெடுத்துத் தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தினான். மாடமும் மதிலும் மாளிகையும் மண்டபமும் இடித்ததையும், இடித்த இடத்தில் கழுதை பூட்டி உழுது கவடி விதைத்ததையும் அவனுடைய மெய்க்கீர்த்தியே மார்தட்டிச் சொல்கிறது. பகைவனின் வீடு மறுபடி எழக்கூடாது என்பதற்கான சடங்கு அது. அதெல்லாம் முடிந்தபின் அவன் எங்கே போனான்? தில்லைக்கு வந்து ஆடவல்லானைக் கும்பிட்டான். சோழனுக்குக் குலதெய்வம் போன்ற கோயிலில் பாண்டியன் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கவில்லை.

கார் காட்டுமன்னார்கோயில் சாலையில் போகிறது. ஒரு பக்கம் வீராணம் ஏரி. பராந்தகன் காலத்து ஏரி, அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் தேய்ந்து வீராணம் ஆனது. இன்று சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிறது. கல்கி தன் கதையை இதே கரையில்தான் தொடங்கினார். வந்தியத்தேவனைத் தேடிப் பிள்ளைகள் கண்ணாடியை இறக்குகிறார்கள். கரையில் மாடுகள் மேய்கின்றன.

மீன்சுருட்டி தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். சுமார் 180 அடி விமானம் வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. யுனெஸ்கோ 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற கோயில். கோயிலைச் சுற்றி முடித்ததும் சின்னவன் கேட்கிறான்: “ஆயா, ராஜா வீடு எங்க?”

தென்மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். ஊர்ப் பெயர் மாளிகைமேடு. அங்கே இறங்கினால் தகரக் கொட்டகைக்குக் கீழே முழங்கால் உயரச் செங்கல் சுவர்கள். அவ்வளவுதான். பெரியவனுக்கு முகம் விழுந்துவிட்டது. “இதுக்கா இவ்ளோ தூரம்?”

இதற்குத்தான். முதலாம் ராஜேந்திரன் 1025-ஐ ஒட்டித் தலைநகரை இங்கே மாற்றினான். 1279-இல் கடைசிச் சோழன் மூன்றாம் ராஜேந்திரனோடு ஆட்சி முடியும்வரை, இரண்டரை நூற்றாண்டு சோழநாடு இங்கிருந்துதான் ஆளப்பட்டது. வீரராஜேந்திரன் காலக் கல்வெட்டு இந்த அரண்மனையைச் சோழகேரளன் திருமாளிகை என்கிறது. ஆதிபூமி என்று தரைத்தளத்தைத் தனியே சொல்கிறது, ஆகவே மேலேயும் தளம் இருந்திருக்க வேண்டும். மன்னன் அமர்ந்த இருக்கைக்குக்கூட மாவலி வாணாதிராஜன் என்று ஒரு பெயர்! முதலாம் குலோத்துங்கனின் 49-ஆம் ஆண்டுக் கல்வெட்டில், அதாவது 1119 வாக்கில், கங்கைகொண்ட சோழ மாளிகை என்ற பெயரும் வருகிறது.

1980-களில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்தவற்றைக் கொண்டு மாளிகையை ஓரளவு மனத்தில் எழுப்பலாம். கனத்த செங்கல் சுவர்கள். கருங்கல் பீடங்களின் மேல் மரத்தூண்கள். அடுக்கடுக்காகச் சுண்ணாம்புக் காரையில் பதித்த சிறிய தட்டை ஓடுகள் கூரைக்கு. மரங்களை இணைக்க இரும்பு ஆணிகள். 2021-இல் மறுபடி தோண்டியதில் சீனப் பீங்கான் துண்டுகளும் ஒரு செப்புக் காப்பும் வெளிவந்தன. கடல் கடந்து வந்த பாண்டத்தில் இங்கே யாரோ பரிமாறியிருக்கிறார்கள்.

சாமிக்குக் கருங்கல், தனக்குச் செங்கல்லும் மரமும். ராஜேந்திரன் கஞ்சத்தனம் செய்யவில்லை. அன்றைய வழக்கம் அதுதான். மரம் எரியும், மட்கும், கறையான் அரிக்கும். செங்கல்லைக் கூடையில் அள்ளிக்கொண்டு போகலாம். சுற்று வட்டாரத்தில் பழைய வீட்டுச் சுவர்கள் பலவற்றில் சோழர் காலத்துச் செங்கல் அப்படித்தான் குடியேறியது. இதில் ஊர்க்காரர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற நல்ல செங்கல்லை யார்தான் விடுவார்கள்? கட்டடம் போனாலும் பெயர்களை யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்று சுற்றியுள்ள ஊர்களின் பெயர்ப்பலகையே தலைநகரின் வரைபடம். கோயிலுக்கும் அரண்மனைக்கும் சுரங்கப்பாதை உண்டு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சுரங்கம் இல்லாத அரண்மனை தமிழ்நாட்டில் ஏது!

“தஞ்சாவூர்ல பெரிய அரண்மனை இருக்கே?” என்று பிள்ளைகளின் அப்பா சமாதானம் சொல்கிறார். இருக்கிறது. ஆனால் அது நாயக்கர் கட்டி மராத்தியர் விரித்தது. ராஜேந்திரன் காலத்துக்கு ஐந்நூறு வருஷம் பிந்தியது.

புளிசோறு மரநிழலில் தீர்ந்தது. சின்னவன் சுவர்களுக்கு இடையே ஓடி, இது சமையலறை, இது யானை கட்டுகிற இடம் என்று அறைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான். ஆயா மட்டும் கோயிலைத் திரும்பிப் பார்த்து, “அதையாவது விட்டுவெச்சானுங்களே” என்கிறாள்.

முழுதாக விட்டுவைக்கவில்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கோயிலின் கருங்கல் மதிலைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊர்மக்கள் தடுத்தார்கள், தடுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கை அரசாங்கம் காப்பாற்றவில்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று பதிவு செய்திருக்கிறது.

மாலையில் கார் அதே கீழணையின் மேல், அணைக்கரைப் பாலத்தில் ஊர்கிறது. கீழே மதகுகளில் தண்ணீர் இரைகிறது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.