ஆஸ்துமா வீட்டுக்கான வேக்குவம் கிளீனர்: திருவனந்தபுரம்

இழுப்பு, அடுக்குத் தும்மல், மூக்கொழுக்கு போன்ற ஒவ்வாமைத் தொல்லை உள்ளவர் வாழும் வீட்டில் தூசியைக் கிளப்பாமல் அள்ளுவதற்கான மின்கருவி. திருவனந்தபுரம் போன்ற ஈரக்காற்று ஊரில் இதற்குத் தரையைவிட மெத்தையிலும் சோபாவிலும்தான் வேலை அதிகம். வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது இழுவிசையை அல்ல; இழுத்த தூசியில் எவ்வளவு மறுபடி அறைக்குள் வருகிறது என்பதை.

தோற்றம்

கையில் பிடித்து இயக்கும் மின்சாரத் துப்புரவுக் கருவியை உருவாக்கியவரே ஓர் ஆஸ்துமாக்காரர். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் ஒரு பெரிய கடையில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர், கம்பளம் பெருக்கும்போது எழும் தூசியே தம் இருமலுக்குக் காரணம் என்று சந்தேகித்தார். ஒரு மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து 1907இல் ஒரு கருவி செய்தார். 1908 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கித் தொழிலாக்கியது ஹூவர் குடும்பம். அந்தத் தலையணை உறைதான் அதன் தூசிப்பை. பெருந்தூசியை அது பிடித்துக்கொள்ளும், நுண்தூசியை நெசவின் இடுக்கு வழியே விட்டுவிடும். துணிப்பை வைத்த மலிவான கருவிகளில் இன்றும் அதே குறைதான்.

இந்தியாவில் இக்கருவியைப் பரவலாக்கியது 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் வீடுதேடி வரும் விற்பனைமுறை. விற்பனையாளர் மெத்தையில் கருவியை ஓட்டி, சேர்ந்த அழுக்கைக் காட்டினால் எவருக்கும் திக்கென்றிருக்கும். எந்த நிறுவனக் கருவியானாலும் இந்தச் செய்முறையில் தெரிவது உள்ளே போன தூசி மட்டுமே. பின்பக்கத் துளை வழியே வெளியேறுவது கண்ணுக்குத் தெரியாது.

ஊரின் ஈரமும் தூசி உண்ணியும்

வீட்டுத்தூசி ஒவ்வாமைக்கு மூலகாரணம் கால் மில்லிமீட்டர் அளவே உள்ள தூசி உண்ணி என்பதை 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலியோர் நிறுவினர். சிலந்தி வகுப்பைச் சேர்ந்த இது நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்கிறது. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் வற்றிச் சாகும். திருவனந்தபுரத்தில் அதற்கு வாய்ப்பே இல்லை. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது, அது ஓய்ந்ததும் துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழை. மழையில்லா மாதங்களிலும் கடற்காற்று ஈரம் சுமந்தே வருகிறது. கோட்டைக்குள்ளும் கரமனையிலும் உள்ள அக்கிரகார வீடுகளில் பக்கச்சுவர் பொதுச்சுவர் என்பதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியில்லை. நடு அறைகளில் காற்றோட்டம் குறைவு.

இவ்வூர் வீடுகளில் சுவரோடு சுவராகக் கம்பளம் விரிப்பது அரிது. சிவப்பு ஆக்சைடு, மொசைக், டைல், கிரானைட் ஆகிய தரைகளில் உண்ணி குடியிருப்பதில்லை. ஈரத்துணியால் துடைத்தாலே போதும். உலர்ந்த வாரியலால் பெருக்குவதைத்தான் தவிர்க்கவேண்டும். உண்ணி வாழ்வது இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, துணி போர்த்திய சோபா, கனத்த திரைச்சீலை ஆகியவற்றில். அதன் கழிவுருண்டைகளே ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. சுமார் 20 மைக்ரான் அளவுள்ளவை என்பதால் கிளம்பினாலும் அரைமணி நேரத்துக்குள் பெரும்பாலும் படிந்துவிடும். பூனையால் வரும் ஒவ்வாமைத்துகள் இன்னும் நுண்ணியது, மணிக்கணக்கில் மிதக்கும். எனவே பூனை வளர்க்கும் வீட்டில் வடிகட்டியின் தரம் இன்னும் முக்கியமாகிறது.

எவ்வளவு பயன்

பீட்டர் கெட்ஷே, ஹெல்லே யோஹான்சன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, உண்ணியைக் கட்டுப்படுத்தும் முறைகள் பற்றிய 54 சோதனைகளை, ஏறத்தாழ 3,000 நோயாளிகளின் தரவுகளோடு தொகுத்தது. வேதிப்பொருளானாலும் மெத்தை உறை, வேக்குவம் போன்ற வழிகளானாலும் ஆஸ்துமாவில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணவில்லை என்பது அதன் முடிவு. அமெரிக்காவின் 2020 ஆஸ்துமா வழிகாட்டியும் தனியொரு வழியை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துச் செய்வதையே, அதுவும் உண்ணி ஒவ்வாமை உறுதியானவர்களுக்கு, ஆதரிக்கிறது. ஆகவே கருவி வந்துவிட்டது என்று இன்ஹேலரைக் குறைப்பதற்கில்லை. தோல் குத்துச் சோதனையில் எதனால் ஒவ்வாமை என்று தெரிந்துகொள்ளாமல் பெருந்தொகை செலவழிப்பதும் வீண். பணம் குறைவாக இருந்தால் மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறைகளும், விரிப்புகளை 60 பாகை செல்சியஸ் நீரில் வாரந்தோறும் துவைப்பதும் முதலில் வரவேண்டும். வேக்குவம் அதற்குப் பின்புதான். உயிருள்ள உண்ணி நாருக்குள் பற்றிக்கொண்டு கிடக்கும், உறிஞ்சினால் எளிதில் வராது. வருவது மேற்பரப்பின் செதிலும் கழிவும்.

தேர்வு

பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடும் வாட் எண் மோட்டார் தின்னும் மின்சாரத்தின் அளவு. உறிஞ்சும் திறன் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பர் முதல் வீட்டுக் கருவிகளுக்கு 900 வாட் என்று உச்சவரம்பு விதித்தது. உள்ளே போன தூசியில் 1 சதவீதத்துக்கு மேல் காற்றில் திரும்பக்கூடாது என்றும் வரையறுத்தது. ஆஸ்துமாக்காரருக்கு வேண்டிய எண் இரண்டாவதுதான், ஆனால் கடைக்காரர் சொல்வது 2,000 வாட்டைப் பற்றி.

நுண்தூசி திரும்பாமல் தடுக்கும் ஹெப்பா வடிகட்டி இரண்டாம் உலகப்போர்க் கால அணு ஆய்வில் கதிரியக்கத் துகளைப் பிடிக்க உருவானது. ஐரோப்பியத் தரத்தில் எச்13 என்றால், பிடிக்க மிகக் கடினமான அளவுள்ள துகளிலும் 99.95 சதவீதத்தைத் தடுக்கும். 'ஹெப்பா போன்றது', 'ஹெப்பா வகை' என்ற வாசகங்களுக்கு எந்த அளவுகோலும் இல்லை. வடிகட்டி நல்லதாக இருந்தாலும் மூடியின் ரப்பர் விளிம்பும் குழாய் இணைப்பும் கசிந்தால் காற்று அந்த வழியே போய்விடும். கருவியை ஓடவிட்டு மூடி விளிம்பில் கைவைத்துப் பார்த்தால் காற்று அடிக்கக்கூடாது.

தூக்கியெறியும் பல அடுக்குப் பையுள்ள கருவியே ஆஸ்துமா வீட்டுக்கு ஏற்றது. பையில்லாக் கிண்ணத்தைத் தட்டிக் கொட்டும் அரை நிமிடத்தில் அதுவரை பிடித்ததெல்லாம் முகத்தில் அடிக்கும். ஆனால் அந்தப் பை ஊரில் தொடர்ந்து கிடைக்குமா என்று வாங்கும் முன்பே விசாரிக்கவேண்டும். மெத்தைக்கென அகன்ற முனை அவசியம். தரைக்கு மட்டுமான ரோபோ கருவி இங்கே பெரிதும் உதவாது. புறஊதா விளக்கு பொருத்திய மெத்தைக் கருவியின் ஒளி துணியின் உள்ளே புகாது. நீராவியும் ஷாம்பூவும் மெத்தையில் ஈரம் ஏற்றுபவை, மழைக்காலத்தில் பூஞ்சைக்கு விருந்து.

பராமரிப்பு

கழுவக்கூடிய வடிகட்டி முழுதும் காய ஒரு நாள் போதும் என்று கையேடு சொல்லலாம். ஜூலையில் இரண்டு மூன்று நாள் ஆகும். அரைகுறையாகக் காய்ந்ததை மாட்டினால் பூஞ்சை பிடித்து, அறையெங்கும் அதன் வித்துகள் பரவும். ஆகவே வாங்கும்போதே இரண்டாவது வடிகட்டி ஒன்றைச் சேர்த்து வாங்குவது நல்லது. தூசியை நீரில் பிடிக்கும் நீர்த்தொட்டிக் கருவியின் தண்ணீரை அன்றன்றே கொட்டிக் காயவைக்கவேண்டும். எந்தக் கருவியானாலும் நோயாளி அல்லாத ஒருவர், சன்னலைத் திறந்துவைத்து இயக்கவேண்டும். நோயாளி அரைமணி நேரம் கழித்து அறைக்குள் வரலாம். நிரம்பிய பையைக் கவரில் இறுக்கிக் கட்டியே வைக்கவேண்டும். கழிவு சேகரிக்க வீடுவீடாக வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களுக்கான பிளாஸ்டிக் சாக்கில் அதைக் கலக்கக்கூடாது, அந்தச் சாக்கை அவர்கள் கையாலேயே தரம் பிரிக்கிறார்கள்.