சந்திரன் கூறிய சாட்சி

அந்திப் பொழுதின் வெளிச்சம் எவருக்காகவும் காத்திராது. பூமத்திய ரேகைக்கு அருகில் வாழும் நாம் இதனை நன்கறிவோம். கதிரவன் மேற்கே சாய்ந்தவுடன் இருள் விரைந்து சூழ்ந்துவிடுகிறது. அவ்வெளிச்சத்தை நம்பிப் புகைப்படம் எடுப்போன் அறிவையும் ஆயத்தத்தையும் ஒருங்கே பெற்றிருத்தல் வேண்டும். அமெரிக்க நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஆன்ஸல் ஆடம்ஸின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இலையுதிர் காலத்து மாலை ஒன்றில் அவர் தம் மகனுடனும் நண்பருடனும் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் மோட்டாரிற் சென்றுகொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூர் கண்ணிற்பட்டது. கீழ்வானில் சந்திரன் எழுந்து நின்றது. மேற்கே மறையும் கதிரவனின் கடைசிக் கிரணங்கள் கல்லறைத் தோட்டத்து வெண் சிலுவைகளின்மீது விழுந்து அவற்றை ஒளிரச் செய்தன. ஆடம்ஸ் வண்டியை நிறுத்திப் பெரிய காமிராவை விரைந்து பொருத்தினார். வெளிச்சத்தை அளக்கும் கருவியோ கைக்கு அகப்படவில்லை! என் செய்வார்? சந்திரனது பிரகாசம் சதுர அடிக்கு 250 காண்டில் என்பது அவர் நினைவுக்கு வந்தது. அதனையே அளவுகோலாகக் கொண்டு கணக்கிட்டு, ஒரு வினாடி நேரம் லென்ஸைத் திறந்து படமெடுத்தார். இரண்டாவது படத்திற்கு முனைவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த ஒளி அகன்றுவிட்டது. உலகிற்குக் கிடைத்தது அந்த ஒரே நெகடிவ்தான்.

இன்னும் வியப்பிற்குரிய செய்தியொன்று உண்டு. படமெடுத்த நாளை ஆடம்ஸ் குறித்துவைக்கவில்லை. பிற்காலத்தில் வெவ்வேறு ஆண்டுகளைக் கூறிவந்தார். எடுத்தவர் வாய்மொழியே முடிவென்று அறிஞர்கள் வாளாவிருந்தனரா? இல்லை. படத்திற் காணும் சந்திரனின் நிலையையும் அவ்விடத்தின் அமைப்பையும் ஆராய்ந்து கணித்தனர். முதற் கணக்கு 1941 அக்டோபர் 31 என்றது. டென்னிஸ் டி சிக்கோ என்பார் அக்கணக்கையும் சோதித்துத் திருத்தி, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று 1991-இல் வெளியிட்டார். ஆடம்ஸ் 1984-இலேயே காலமாகிவிட்டார்.

கலைஞரின் பெருமைக்கு இதனாற் குறைவு யாதுமில்லை. கருவி கிட்டாத வேளையில் அவருக்குக் கைகொடுத்ததும் கணக்கே. அவர் நினைவு தவறியபின் உண்மையைக் காத்ததும் கணக்கே. பெரியார் ஒருவர் தம் சொந்தச் செயலைப்பற்றிச் சொன்ன சொல்லையும் ஆராய்ந்தே ஏற்பது அறிவுடையோர் வழக்கமாயின், யாரோ எக்காலத்திலோ சொன்னவற்றை ஆராயாது தலைமேற் சுமப்பது நமக்கு அழகாகுமா? சொன்னவர் யார் என்பதோடு நில்லாமல், எதனைக்கொண்டு சொன்னார் என்றும் கேட்போமாக.