மழைக்கணக்கில் ஒரு வெள்ளைப் பக்கம்

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் சரித்திரம். பொறுத்துக்கோங்க.

நம்ம சைனிக்புரி வீட்டு மொட்டைமாடியில ஒரு குட்டி வானிலை நிலையம் இருக்கு. மழைமானி, வெப்பமானி, காத்து அளக்க சுத்துற கிண்ணங்கள். கீழே ஹாலில் அதோட திரைப்பெட்டி. அதிலேருந்து ஒரு ஒயர் பழைய டெஸ்க்டாப்புக்குப் போகுது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வரி, ராத்திரி பகலா மென்பொருள் எழுதிக்கிட்டே இருக்கும். "எதுக்கு இந்தப் பொட்டி எப்பவும் ஓடணும்?"னு தங்கமணி கேக்காத நாள் இல்லை. நான் பி.காம். படிச்சு வங்கிக்கு வந்தவன். கணக்குல விட்டுப்போன நாள் இருந்தா எனக்குத் தூக்கம் வராது. அவ்வளவுதான் பதில்.

2020 அக்டோபர் 10. கும்பகோணத்தில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போன். ஈ-பாஸ் வாங்கி, வீட்டைப் பூட்டிட்டு கார்லயே கிளம்பிட்டோம். கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டுப் போனேன். 13ஆம் தேதி ஹைதராபாத்ல கொட்டின மழை உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்களுக்குக் கிழக்கே இருக்கிற கட்கேசர் பக்கம் ஒரே நாளில் 32 செ.மீ.க்கு மேல். மாநில அரசோட தானியங்கி நிலையம் ஒண்ணு பதிஞ்ச கணக்கு அது. பேகம்பேட்டையில 19 செ.மீ. அக்டோபர் மாசத்துக்கு அதுவரை இருந்த சாதனை 1903ல பெய்த 11.7 செ.மீ.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உக்காந்து செய்தி படிச்சப்போ, அந்த நேரத்திலும் ஒரு அல்ப சந்தோஷம். நம்ம மாடியிலயும் இந்த மழை பதிவாகியிருக்குமே!

அப்பா தேறினார். நவம்பர் 4ஆம் தேதி திரும்பி வந்தோம். பூட்டைத் திறந்தா கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கு. 13ஆம் தேதி சாயங்காலம் கரண்ட் போயிருக்கு. யு.பி.எஸ். கொஞ்ச நேரம் தாங்கி, அப்புறம் அதுவும் படுத்திருக்கு. மறுநாள் கரண்ட் வந்தாச்சு, ஆனா கம்ப்யூட்டர் தானா எழுந்திரிக்கலை. யாராவது பட்டனை அமுக்கணுமே, வீட்ல யாரு இருக்கா?

இதுல கொடுமை என்னன்னா, மாடியில இருந்த கருவி ஒரு நிமிஷம் கூட நிக்கலை. அதுக்கு சூரியத்தகடு இருக்கு. திரைப்பெட்டிக்கு பேட்டரி இருக்கு. அந்த மழை முழுக்க அதோட நினைவகத்துக்குள்ள போயிருக்கு. ஆனா அந்த நினைவகம் 2560 வரி நோட்டுப்புத்தகம் மாதிரி. நிரம்பிட்டா முதல் பக்கத்திலேருந்து அழிச்சு மறுபடி எழுதும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வரின்னா கிட்டத்தட்ட 9 நாள்தான் தாங்கும். நான் வந்தது 22 நாள் கழிச்சு. மழை பெய்தது, அளந்தாச்சு, எழுதியாச்சு. அப்புறம் அதுவே அதை அழிச்சும் போட்டுடுச்சு.

வங்கியில பழைய வவுச்சர் காணாமப் போனா வாடிக்கையாளர்கிட்ட நகல் வாங்கலாம். மழைக்கு நகல் ஏது? அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. 1903 அக்டோபர் மழையை நாம இன்னிக்கு ஒப்பிட்டுப் பேசறோமே, அதை யார் எழுதி வெச்சா? அதுக்கு முன்னாடி? அப்படியே தோண்ட ஆரம்பிச்சேன்.

நம்ம ஊர்ப் பக்கத்துக் கதை நுங்கம்பாக்கத்தில் தொடங்குது. கிழக்கிந்தியக் கம்பெனியோட வானாய்வுக்கூடம் 1792ல அங்கே கட்டி முடிச்சாங்க. தொலைநோக்கியைத் தாங்கின கருங்கல் தூண் இன்னும் சென்னை வானிலை மைய வளாகத்தில் நிக்குது, தமிழ், தெலுங்கு எழுத்தெல்லாம் செதுக்கி. நட்சத்திரம் பாக்கக் கட்டின இடம்தான். ஆனா 1796லேருந்து அங்கே வெப்பம், காற்றழுத்தம் எழுதறதும் ஆரம்பிச்சது. மழைக்கணக்கு 1813லேருந்து இருக்கு. மெஷின் எதுவும் கிடையாது. நேரத்துக்கு ஒரு ஆள் எழுந்து போய்ப் பாத்து, மையில எழுதணும்.

இதைவிடக் கஷ்டமான வேலை நம்ம பொதிகையில நடந்திருக்கு. திருவிதாங்கூர் மகாராஜாவோட வானாய்வுக்கூடத்துக்கு 1852ல இயக்குநரா வந்தவர் ஜான் ஆலன் பிரவுன்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர். 1855ல அகத்தியர் மலை உச்சியில, 6000 அடிக்கு மேல, ஒரு ஆய்வுக்கூடம் கட்டினார். கீழே திருவனந்தபுரத்தில் அளக்கிற அதே நேரத்தில் மேலேயும் அளக்கணும், மணிக்கு ஒரு தடவை. காட்டுக்கு நடுவுல, குளிரிலும் மேகத்திலும் ஊழியர்கள் முறைவெச்சு விழிச்சிருந்தாங்க. ஒரு மணி நேரம் தூங்கிப் போனா அந்த வரி காலி.

இன்னொரு விஷயம் படிச்சப்போ நிமிர்ந்து உக்காந்துட்டேன். 1873ல சென்னை வானாய்வுக்கூடத்தில் ஒரு "கம்ப்யூட்டர்" வேலைக்கு சேந்தது. பேர் ஐசிஸ் பாக்சன். ஆமாங்க, மனுஷிதான்! அந்தக் காலத்தில் கணக்குப் போடற ஊழியருக்குத்தான் கம்ப்யூட்டர்னு பேர். அங்கே தலைமை வானியலாளரா இருந்த நார்மன் பாக்சனோட மகள். 1881லேருந்து சென்னை மாகாண அரசோட வானிலைப் பொறுப்பும் அவங்ககிட்ட வந்தது. 1898ல ஓய்வு பெறும்வரை 25 வருஷம் அந்தக் கணக்கோடயே வாழ்ந்தாங்க. நம்ம ஹால்ல இருக்கிற பொட்டிக்கு வம்சாவளி எழுதினா, முதல் பேர் இந்த அம்மாதான்.

ஆளில்லாம எழுதற மெஷின் வேணும்கிற ஆசையும் பழசுதான். 1660கள்லயே கிறிஸ்டோபர் ரென் மழைக்கு ஒரு சாய்கிண்ணம் வடிவமைச்சிருக்கார். தண்ணி நிறைஞ்சா கிண்ணம் கவிழும், கவிழறதை எண்ணினா மழைக்கணக்கு. என் மாடியில இருக்கிறதும் அதே தத்துவம்தான், 0.2 மி.மீ.க்கு ஒரு கவிழ்ப்பு. அப்புறம் கடிகார உருளையில தாள் சுத்தி, பேனா கோடு போடற கருவிகள் வந்தது. நம்ம வானிலைத் துறையில அந்தத் தாளைத் தினம் காலை 8.30க்கு மாத்தணும். நமக்கு 'டே எண்ட்' மாதிரி அவங்களுக்கு 8.30. அதாவது, எழுதற ஆள் போய், தாள் மாத்தற ஆள் வந்தார்.

இந்தக் கருவிகளை இந்தியாவிலேயே செய்யவெச்சவங்க அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில இயற்பியல் படிச்சவங்க. லண்டன்ல வானிலைக் கருவிகளைப் பத்திக் கத்துக்கிட்டு, 1948ல புனே அலுவலகத்தில் சேந்து, சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தினாங்க. ஒரு கருவி தப்பாக் காட்டறதைவிட இல்லாம இருக்கிறதே மேல்ங்கிற கட்சி அவங்க.

முழுக்க ஆளில்லாத நிலையத்துக்கு ஒரு சினிமாக் கதை இருக்கு. 1943 அக்டோபர்ல ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி கனடாவோட லாப்ரடார் கரையில ரகசியமா ஒரு தானியங்கி நிலையத்தை நட்டுட்டுப் போச்சு. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரேடியோவில் தகவல் அனுப்பணும், பேட்டரி மாசக்கணக்குல தாங்கணும். ஆனா சில வாரத்திலேயே சத்தம் அடங்கிப்போச்சு. போய் என்னன்னு பாக்க ஆள் இல்லை. அங்கே அப்படி ஒண்ணு இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே 1981லதான். என் கம்ப்யூட்டர் 22 நாள் கிடந்ததுக்கே நான் இந்தப் பாடு படறேன்!

எல்லாத்தையும் படிச்சு முடிச்சப்போ ஒண்ணு புரிஞ்சது. ஆள் வேண்டாத மெஷின்னு எதுவும் இல்லை. ஆள் செய்யற வேலைதான் இடம் மாறுது. அகத்தியர் மலையில ராத்திரி முழிச்சிருந்தது, அப்புறம் தினம் தாள் மாத்தினது, இப்போ ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் யோசிக்கறது. அந்தப் பத்து நிமிஷத்தை நான் யோசிக்கலை. கம்ப்யூட்டர் ஓடுதான்னு மட்டும் பாத்தேன். விழுந்தா எழுந்திரிக்குமான்னு பாக்கலை.

இவ்வளவுக்கும் நான் குடியிருக்கிற இடம் என்ன இடம்? பக்கத்திலேயே ஈ.சி.ஐ.எல். 1969லேயே டி.டி.சி.-12ங்கிற இந்தியக் கணினியை வெளியிட்ட நிறுவனம். வெக்கமா இருந்தது.

இப்போ என்ன செஞ்சிருக்கேன்னா, பயாஸ்ல கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகிற மாதிரி மாத்தியாச்சு. விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்டு நிக்காம உள்ளே போகும். வானிலை மென்பொருள் ஸ்டார்ட்அப்ல இருக்கு, தானே கிளம்பி, விட்டுப்போன வரிகளைத் திரைப்பெட்டியிலேருந்து இழுத்துக்கும். தூங்கப் போற வசதியை அணைச்சாச்சு. ஊருக்குப் போறப்போ மட்டும் 5 நிமிஷத்தை 30 நிமிஷமா மாத்திடுவேன். அதே 2560 வரி 53 நாள் தாங்கும். எதிர்வீட்டு ரிட்டயர்டு கர்னல்கிட்ட ஒரு சாவியும் கொடுத்திருக்கேன்.

அந்த 13ஆம் தேதி மழை என் கணக்குல வெள்ளையாவே இருக்கு. பக்கத்து நிலையத்து எண்ணைப் போட்டு நிரப்பலாமேன்னு பையன் கேட்டான். வேண்டாம்னுட்டேன். நம்ம மாடியில அன்னிக்கு எவ்வளவு பெய்ததுன்னு நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னு விடறதும் கணக்குதான்.

அப்பாவும் அம்மாவும் இருக்கிற ஊர் வீட்டுல கேமராவோ, இன்வெர்ட்டரோ, இந்த மாதிரிக் கருவியோ வெச்சுட்டுத் தூரதேசத்தில் இருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. கிளம்பறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை ஒரு தடவை அணைச்சுப் போட்டு, எதையும் தொடாம அஞ்சு நிமிஷம் உக்காந்து பாருங்க. எல்லாம் தானா எழுந்தா நிம்மதியா வண்டி ஏறலாம்.