பூட்டியின் பெயரைத் தேடி

எங்கள் பாடசாலை நூறு ஆண்டுகளைக் காண்கிறது. தீவகத்து ஊர்களிலிருந்து வள்ளத்திலும் கால்நடையாகவும் வந்து படித்த பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். அப்பேரப்பிள்ளைகளில் ஒருத்தி கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

கனடாவில் படிக்கும் என் பேத்திக்கு, குடும்ப மரம் வரைந்து வரும்படி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆண்வழிப் பெட்டிகள் விரைவில் நிரம்பின. பெண்வழியில் என் அம்மம்மாவுக்கு மேலே இருந்த பெட்டி வெறுமையாக நின்றது. "அவவுக்குப் பேர் இல்லையோ, அம்மம்மா?" என்று கேட்டாள். நாங்கள் அவரைப் பூட்டி என்றோம். ஊரார் ஆச்சி என்றனர். பெயர் சொல்லி அழைத்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பாடசாலை தொடங்குமுன் பிறந்தவராதலால் எங்கள் இடாப்பிலும் அவர் இல்லை.

கையில் அகப்பட்டது ஓர் ஓலைச் சாதகம். பிள்ளைக்குப் பெயர் வைக்குமுன் கணிக்கப்பட்டதால் தகப்பன் பெயர் மட்டுமே அதில் இருந்தது. பிறந்தது தாது வருடம் கார்த்திகை மாதம். சுற்றியிருந்த கடதாசியில் யாரோ 1816 என்று எழுதி வைத்திருந்தார்கள். தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுழன்று வருவன. 1816, 1876, 1936 ஆகிய மூன்றும் தாது வருடங்களே. இவற்றுள் எது? பூட்டியின் கணவர் மலாயா றெயில்வேயில் கிளாக்கராக இருந்தார் என்பது வீட்டிலே வழங்கும் செய்தி. மலாயாவின் முதலாவது றெயில் பாதை 1885 இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தார் அங்கு உத்தியோகம் தேடிப் பெருமளவில் போனது அதன் பின்னரே. ஆகவே 1816 பொருந்தாது. 1936 இல் என் தாயாரே பள்ளிப் பிள்ளை. பூட்டி பிறந்தது 1876. ஓலை தனித்துச் சொல்லாததைக் காலப் பின்னணி சொல்லிற்று.

இத்தகைய சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பழங்குடும்பங்களின் வரலாற்றைத் தேடுவோரும் இதிலே தடுக்கி விழுவதுண்டு. ஆங்கிலேயரின் குடியேற்றங்களில் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25 ஆந் திகதியே பிறந்தது. ஜோர்ஜ் வாஷிங்டன் பிறந்தது அக்காலக் கணக்கில் 1731 பெப்ரவரி 11. இன்றைய கணக்கில் 1732 பெப்ரவரி 22. இதை அறியாதவர் ஒருவரையே இருவராக எண்ணிவிடுவர்.

பெயர்களும் அப்படியே. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், காரைதீவை அம்ஸ்ரர்டாம் என்றும், வேலணைத் தீவை லெய்டன் என்றும், நெடுந்தீவை டெல்ஃப்ட் என்றும் அழைத்தனர். அதே காலத்தில் இன்றைய நியூயோர்க்கும் ஒல்லாந்தர் வசமே இருந்தது. அதன் பெயர் நியூ அம்ஸ்ரர்டாம். 1664 இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். அங்கு வாழ்ந்த ஒல்லாந்தரிற் பலருக்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. யானின் மகன் யான்சன். அவன் மகனுக்கு வேறு பெயர். எங்கள் முதலெழுத்து வழக்கும் இதுதானே! தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறுவதைக் கண்டு வேறு குடும்பம் என்று முடிவுகட்டினால், அங்கும் தவறு, இங்கும் தவறு.

எங்கள் குடும்ப மரங்களிலே திடீரென ஓர் அமெரிக்கப் பெயர் தோன்றுவதும் உண்டு. அதைக் கண்டு வெள்ளைக்காரக் கலப்பு என்று கதை கட்டுவோரும் உளர். உண்மை வேறு. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து, 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824 இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் தொடங்கினர். விடுதிப் பிள்ளைகளின் செலவைப் பொறுத்த அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் அப்பிள்ளைகளுக்கு இடப்பட்டன. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை ஆகியோரின் பெயர்கள் அக்கால வழக்கை நினைவூட்டுவன. உங்கள் குடும்பத்தில் அப்படியொரு பெயர் இருப்பின், இரத்த உறவை விட்டுப் பாடசாலையைத் தேடுங்கள்.

இனிப் பூட்டியின் பெயருக்கு வருகிறேன். அதைத் தந்தது என் தாயாரின் சீதன உறுதி. யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்வையிட, 1707 இல் தேசவழமை எழுத்துருப் பெற்றது. தகப்பனின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சேர்வதே பழைய முறை என்று அது கூறும். பிற்காலத்தில் சட்டம் பலவாறு மாறியபோதும், காணி தாயிடமிருந்து மகளுக்குப் போகும் வழக்கம் நிலைத்தது. ஒவ்வோர் உறுதியும் அக்காணி எப்படி வந்தது என்பதைச் சொல்லியே தொடங்கும். என் தாயாரின் உறுதி அம்மம்மாவின் சீதன உறுதியைச் சுட்டியது. அம்மம்மாவின் உறுதி அவர் தாயாரின் உறுதியைச் சுட்டியது. அங்கே, மூன்று பரப்புக் காணிக்கும் கிணற்றுப் பங்குக்கும் உரியவராக, பூட்டி தம் முழுப்பெயரோடு இருந்தார். நான்கு எல்லைகளில் இரண்டிலே வேறு இரு பெண்களின் பெயர்களும் இருந்தன.

அந்தப் பெயரை வாசித்தபோது என் கண் கலங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நாங்கள் எண்ணிய ஒருவர், எழுத்திலே எங்களுக்காகக் காத்திருந்தார். நாங்கள் தகப்பன் வழியையே வரலாறு என்று எண்ணியதால் அவ்வளவு காலமும் அந்த உறுதியை காணிக் கடதாசியாக மட்டுமே பார்த்தோம்.

1990, 1991 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் தீவகத்தவர் உறுதிகளையும் சாதகங்களையும் படங்களையும் விட்டு ஓடினர். ஆயினும் எல்லாம் அழிந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது முறை. உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி ஆகிய மூன்றையும் அறிந்தால் தேடுவது எளிது. பிறப்பு இறப்புப் பதிவுகள் 1867 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழுங்கு பெற்றன. கத்தோலிக்கக் குடும்பத்தவர் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளைக் கோயிலில் விசாரிக்கலாம். ஒல்லாந்தர் காலத்து ஆவணங்கள் பல கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன.

ஆனால் எந்தப் பதிவகத்திலும் இல்லாத ஒன்று உண்டு. எந்த ஆச்சி யாருடைய மகள், எந்த வளவு யாருடைய சீதனம், மலாயாவுக்குப் போனவர் எந்த ஆண்டு திரும்பினார் என்பன இன்று எழுபது எண்பது வயதான எங்கள் நினைவிலேயே இருக்கின்றன. இம்மலரை வாசிக்கும் ஒவ்வொரு பழைய மாணவியும் இன்றே ஒரு தாளை எடுத்து, தாய், தாயின் தாய், அவர் தாய் என்று முழுப்பெயர்களை எழுதட்டும். பக்கத்திலே ஊரையும், தெரிந்த ஒரு நிகழ்ச்சியையும் குறித்து வைக்கட்டும். புயல், கொள்ளைநோய், கப்பற்பயணம், எதுவாயினும் சரி. ஆண்டை அது பின்னர் சொல்லித்தரும்.

என் பேத்தியின் தாளில் அந்தப் பெட்டி இப்போது வெறுமையாக இல்லை. பூட்டியின் பெயரைத் தமிழிலே எழுதப் பழகி, தன் கையாலேயே அதை நிரப்பினாள்.