திரையில் வில்லனாக முடியாத குருவானவர்

விக்டர் ஹியூகோ 1831 இல் எழுதிய நோத்ர தாம் நாவலை வாசித்தவர்கள் குளோட் ஃப்றொலோவை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். பாரிஸ் பேராலயத்தின் உயர்நிலைக் குருவானவர் அவர். கல்விமான், அநாதைக் குழந்தையைக் கூனனென்றும் பாராது எடுத்து வளர்த்தவர். அவரே பின்னர் எஸ்மெரால்டா என்ற இளம்பெண்மீது கொண்ட மோகத்தினால் நிலைகுலைந்து, அவளைத் தூக்குமரம் வரை இட்டுச் செல்கிறார். ஒரே அங்கிக்குள் துறவியும் கொடியவனும் குடியிருந்தார்கள் என்பதுதான் அந்நாவலின் உயிர்நாடி.

1939 இல் ஹொலிவூட் இக்கதையைப் படமாக்கியது. சார்ள்ஸ் லோட்டன் கூனனாக நடித்த புகழ்பெற்ற படம் அது. அதிலே குளோட் ஃப்றொலோ இருக்கிறார். ஆனால் அவர் சாந்தமே உருவான பேராயர். எஸ்மெரால்டாவைத் துரத்துபவர் அவருடைய சகோதரர், அரசனின் தலைமை நீதிபதி! ஹியூகோ படைத்த ஒரு மனிதனைத் திரைக்கதை இரண்டாகக் கிழித்து, நன்மையைக் குருவானவருக்கும் தீமையை நீதிபதிக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. நீதித்துறைக்காகப் பரிந்து பேச எவரும் இருக்கவில்லைப் போலும்.

இந்த மாற்றம் எழுத்தாளரின் விருப்பத்தினால் மட்டும் நேர்ந்ததன்று. அதற்கு எழுத்திலே ஒரு விதி இருந்தது. 1930 மார்ச்சில் அமெரிக்கத் திரைப்படத் தயாரிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒழுக்கக் கோவை ஒன்றை ஏற்படுத்திக் கொண்டனர். தயாரிப்பாளர் சங்கத் தலைவர் வில் ஹேய்ஸின் பெயரால் அது 'ஹேய்ஸ் கோவை' என வழங்கலாயிற்று. ஹேய்ஸ் புரட்டஸ்தாந்துப் பிரிவைச் சேர்ந்தவர். ஆனால் கோவையை வரைந்தவர்கள் இருவரும் கத்தோலிக்கர்கள். ஒருவர் இயேசு சபைக் குருவானவர் டானியல் லோட். மற்றவர் திரைப்படத் தொழிற்துறைப் பத்திரிகையின் வெளியீட்டாளரான மார்ட்டின் குயிக்லி. எந்தச் சமயத்தையும் ஏளனஞ் செய்தல் கூடாது, சமய ஊழியர்களை அந்த நிலையில் கோமாளிகளாகவோ வில்லன்களாகவோ காட்டுதல் கூடாது, வழிபாட்டுச் சடங்குகளை மரியாதையுடன் கையாள வேண்டும் என்று அக்கோவையின் சமயப் பிரிவு வகுத்தது.

முதல் நான்கு ஆண்டுகளும் அக்கோவை ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. அதற்குப் பல் முளைத்தது 1934 இல். அமெரிக்க ஆயர்கள் 'கண்ணிய சேனை' என்று பொருள்படும் 'லீஜியன் ஒஃப் டீசென்சி' இயக்கத்தைத் தொடங்கியிருந்தனர். ஆலயங்களில் திருப்பலிக்கு வந்தோர் எழுந்து நின்று, தீய படங்களைப் பார்ப்பதில்லை என உறுதிமொழி எடுத்தனர். பிலடெல்பியாவின் கர்தினால் டோகேட்டி ஒருபடி மேலே சென்று, தம் மறைமாவட்டத்தினர் எந்தப் படத்துக்குமே போகலாகாது என்று பணித்தார். பொருளாதார மந்தத்தில் தள்ளாடிக் கொண்டிருந்த படநிறுவனங்களுக்கு இந்த அடி போதுமானதாயிருந்தது. கோவையை நடைமுறைப்படுத்தும் பணிமனை ஒன்று அமைந்தது. அதன் பொறுப்பு ஜோசப் பிறீன் என்பவரிடம் சென்றது. அவரும் கத்தோலிக்கர், முன்னாள் பத்திரிகைச் செய்தியாளர். (நம் தொழிலிலிருந்து தணிக்கைக்குப் போனவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள்.) 1936 இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் திரைப்படம் பற்றிய சுற்றுமடலொன்றை வெளியிட்டு அமெரிக்க ஆயர்களின் முயற்சியைப் பாராட்டினார்.

இதன்பின் திரைக்கு வந்த குருமார்களின் அணிவகுப்பைப் பாருங்கள். 1938 இல் 'போய்ஸ் டவுன்' படத்தில், கைவிடப்பட்ட சிறுவர்களுக்கு இல்லம் அமைத்த உண்மையான குருவானவர் ஃபிளனகனாக ஸ்பென்சர் ட்றேசி நடித்து ஒஸ்கார் பரிசு பெற்றார். அதே ஆண்டில் பற் ஓபிறையன், மரணதண்டனைக்குச் செல்லும் பழைய நண்பனிடம் கடைசி நேரத்தில் ஒரு தியாகத்தைக் கேட்கும் குருவானவராக வந்தார். 1944 இல் 'கோயிங் மை வே'. பாடகர் பிங் குறொஸ்பி இளங்குருவானவர் ஓமாலியாக வந்து, கடனில் மூழ்கிய நியூயோர்க் பங்கொன்றை மீட்கிறார். தெருச்சிறுவர்களைப் பாடகர் குழுவாக்குகிறார். முதிய பங்குக்குருவானவரின் தாயை அயர்லாந்திலிருந்து வரவழைத்து, பல்லாண்டுகளின் பின் மகனின் கரங்களில் சேர்க்கிறார். அப்படம் ஏழு ஒஸ்கார் பரிசுகளை வென்றது. அடுத்த ஆண்டு வந்த அதன் தொடர்ச்சியில் இங்கிறிட் பேர்க்மன் கன்னியாஸ்திரியாக நடித்தார். இத்தாலிய இயக்குநர் ரொசெலினியுடன் அவர் வாழத் தொடங்கியபோது 1950 இல் அமெரிக்கச் செனற் சபையிலேயே அவர் மீது வசைமாரி பொழியப்பட்டதற்கு, அவர் அணிந்திருந்த அந்தத் திரை அங்கியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இப்படங்களை நான் இகழ்ந்து தள்ளிவிட மாட்டேன். 1928 இல் அல் ஸ்மித் ஜனாதிபதித் தேர்தலில் தோற்றபோது, அவர் கத்தோலிக்கர் என்பதும் அவருக்கெதிரான பிரசாரத்தின் ஆயுதமாயிருந்தது. அமெரிக்காவை வத்திக்கானுக்கு விற்றுவிடுவார் என்று மேடைமேடையாகப் பேசினார்கள். 1960 இல் கென்னடி வென்றார். இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளில், ஐரிஷ் குடியேறிகளின் அந்நியச் சமயம் அயல்வீட்டுச் சமயமாக மாறியதில் ட்றேசிக்கும் குறொஸ்பிக்கும் பங்குண்டு. சிறுபான்மையினர் பெரும்பான்மையின் திரையில் தம்மை நல்லவர்களாகக் காண விரும்பும் ஆசை எத்தகையது என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஓமாலியின் வாழ்வில் ஒன்று இல்லை. அவர் ஐயுறுவதில்லை, தனிமையில் வாடுவதில்லை, எதையும் இழப்பதில்லை. அவருக்குக் கடவுள் தேவைப்படுவதாகவே தெரியவில்லை. நல்ல குரல்வளம் போதுமானதாயிருக்கிறது.

விதியின் கைக்கு எட்டாத ஐரோப்பாவில் வேறொரு குருவானவர் பிறந்து கொண்டிருந்தார். ரொசெலினியின் 'உரோம், திறந்த நகரம்' 1945 இல் வெளிவந்தது. அதில் வரும் டொன் பியெத்றோ, நாற்சிகள் உரோமைப் பிடித்திருந்தபோது எதிர்ப்பியக்கத்துக்குத் துணைநின்று 1944 இல் கொல்லப்பட்ட மொறோசினி, பப்பகல்லோ என்ற இரு குருமாரின் நினைவிலிருந்து உருவானவர். அந்தப் பாத்திரத்தைத் தீட்டிய திரைக்கதாசிரியர்களுள் முதன்மையானவரான செர்ஜியோ அமிதேய் ஒரு பொதுவுடைமைவாதி. 1951 இல் பிரெஞ்சு இயக்குநர் ரொபேர் பிறெசோன், பேர்னனோஸின் நாவலைத் தழுவி 'ஒரு நாட்டுப்புறக் குருவானவரின் நாட்குறிப்பு' எடுத்தார். நோயுற்ற இளங்குரு, அவரை வெறுக்கும் கிராமம், வராத செபம், காய்ந்த ரொட்டியும் மலிவான வைனும். அவரால் எந்தப் பங்கின் கடனும் தீரவில்லை. ஓமாலிக்கு அருகே இவரை நிறுத்திப் பார்த்தால், விசுவாசம் என்பது என்ன விலை கேட்கும் என்பது தெரியவரும்.

ரொசெலினியின் இன்னொரு படம்தான் அமெரிக்காவில் மோதலை நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தது. 'அற்புதம்' என்ற அந்தக் குறும்படத்தில் அன்னா மஞ்ஞானி, வழிப்போக்கன் ஒருவனைச் சூசையப்பர் என்று நம்பிக் கருவுறும் பேதைப் பெண்ணாக நடித்தார். 1950 டிசம்பரில் நியூயோர்க்கில் அது திரையிடப்பட்டது. கர்தினால் ஸ்பெல்மன் கண்டித்தார்; திரையரங்கின் முன் மறியல் நடந்தது; தெய்வநிந்தனை என்று கூறி மாநில அதிகாரிகள் உரிமத்தை இரத்துச் செய்தனர். விநியோகஸ்தர் பேர்ஸ்டின் விடவில்லை. 1952 மே மாதம் உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சமயங்களை விமர்சனத்திலிருந்து காப்பது அரசின் வேலையன்று என்றும், திரைப்படமும் பேச்சுச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குள் வருவது என்றும் அது கூறியது. கோவை அன்றே சாகவில்லை. 1968 வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. ஆனால் அதன் வேரில் கோடரி விழுந்தது அன்றுதான்.

அந்தத் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு வந்த ஒரு படத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அல்பிரட் ஹிட்ச்கொக் இயேசு சபையாரிடம் படித்த கத்தோலிக்கர். அவரது 'ஐ கொன்ஃபெஸ்' கனடாவின் கியூபெக் நகரில் எடுக்கப்பட்டது. பங்கு இல்லத்தில் வேலைபார்க்கும் ஒருவன், குருவானவரின் அங்கியை அணிந்து சென்று ஒரு வழக்கறிஞரைக் கொன்றுவிட்டு, அன்றிரவே குருவானவர் லோகனிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். சந்தேகம் லோகன் மீது விழுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிர்போனாலும் வெளியிடலாகாது என்பது திருச்சபையின் சட்டம். எனவே கொலையாளி யாரென்று அறிந்துகொண்டே லோகன் குற்றவாளிக் கூண்டில் வாய் திறவாமல் நிற்கிறார். மொன்ட்கொமரி கிளிஃப்டின் முகத்தில் அந்த மௌனம் ஒரு சிலுவைப்பாதையாகவே விரிகிறது. ஆரம்பத் திரைக்கதையில் லோகனுக்கு முறையற்ற வழியிற் பிறந்த ஒரு குழந்தை இருந்தது. முடிவில் அவருக்கு மரணதண்டனை நிறைவேறியது. தயாரிப்பு நிறுவனம் அஞ்சி இரண்டையும் நீக்கச் செய்தது. கத்தோலிக்கரல்லாத பார்வையாளருக்கு லோகனின் மௌனம் விளங்கவில்லை என்று ஹிட்ச்கொக்கே பின்னாளில் குறைப்பட்டுக் கொண்டார். இரகசியம் காப்பது ஒரு குருவானவரின் புனிதக் கடமை என்பதைத் திரையில் இதைவிட உயர்வாகச் சொன்ன படம் வேறில்லை. இந்தக் கடமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னைய தசாப்தங்களை விரைவாகவே கடந்துவிடலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. 1973 இல் 'த எக்ஸோசிஸ்ட்' விசுவாசம் தளர்ந்த குருவானவரைப் பேயோடு பொருத விட்டது. 1986 இல் 'த மிஷன்', தென் அமெரிக்கக் காடுகளில் பழங்குடியினருக்காக உயிரீந்த இயேசு சபையினரையும், அவர்களைக் கைவிட்ட கர்தினாலையும் ஒரே சட்டகத்தில் காட்டியது. 2006 இல் 'த டா வின்சி கோட்'டை இலங்கை அரசு ஆயர்களின் வேண்டுகோளை ஏற்றுத் தடைசெய்தது நம்மவர் பலருக்கு நினைவிருக்கலாம். வரலாறு என்ற பெயரில் வந்த ஒரு மர்மக்கதைக்கு அவ்வளவு மரியாதை மிகை என்பது என் எண்ணம்.

திருச்சபை தானே சொன்ன தீர்ப்பொன்று இதைவிடச் சுவையானது. சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995 இல் வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டது. ஏழு ஒஸ்கார் வென்ற 'கோயிங் மை வே' அதில் இல்லை. 'போய்ஸ் டவுன்' இல்லை. பொதுவுடைமைவாதி எழுதிய டொன் பியெத்றோ இருக்கிறார். நாத்திகர் லூயிஸ் புனுவெல் 1959 இல் எடுத்த 'நஸரீன்' இருக்கிறது. கிறிஸ்துவைப் போலவே வாழ முனைந்து எல்லாரிடமும் உதைபடும் ஒரு குருவானவரின் கதை அது. அதே புனுவெலின் அடுத்த படமொன்றை 1961 இல் வத்திக்கான் நாளேடே கண்டித்திருந்தது. ஆயர்களின் பட்டியலும் பிறீனின் பணிமனையும் தேடிப் பாதுகாத்த குருவானவரை, இறுதியில் உரோமாபுரியே கண்டுகொள்ளவில்லை.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன மௌனத்துக்கு வருகிறேன். 2002 ஜனவரி 6 ஆம் திகதி 'பொஸ்டன் குளோப்' நாளேட்டின் புலனாய்வுக் குழு தன் முதற் கட்டுரையை வெளியிட்டது. சிறுவர்களைப் பாலியல் ரீதியாகச் சிதைத்த ஒரு குருவானவரை, விடயம் தெரிந்திருந்தும் மறைமாவட்டம் பங்குக்குப் பங்கு மாற்றி வந்தது என்பதை ஆவணங்களோடு அது நிறுவியது. அவ்வாண்டு டிசம்பரில் கர்தினால் பேர்னாட் லோ பதவி விலகினார். 2004 இல் அமெரிக்க ஆயர்களின் வேண்டுகோளின் பேரிலேயே நடந்த ஆய்வு, 1950 க்கும் 2002 க்கும் இடையில் 4,392 குருமார் மீது குற்றச்சாட்டு எழுந்ததாகக் கணக்கிட்டது. அது அக்காலத்தில் பணியாற்றிய குருமாரில் நூற்றுக்கு நான்கு பேரளவு. மற்றைய தொண்ணூற்றாறு பேரையும் மறந்துவிட்டு எழுதுவது அநீதி. ஆனால் தொடக்க ஆண்டைக் கவனியுங்கள்: 1950. லோகனின் மௌனத்தைத் திரையரங்குகள் கொண்டாடிய அதே நாட்களில், வேறொரு மௌனம் அலுமாரிகளில் கோவை கோவையாகப் பூட்டிவைக்கப்பட்டுக் கொண்டிருந்தது. வில்லனாகக் காட்டலாகாது என்ற விதி, அவதூறிலிருந்து மட்டுமன்றி உண்மையிலிருந்தும் குருமாரைக் காத்துக் கொடுத்தது. அதன் விலையைச் செலுத்தியவர்கள் சிறுவர்கள். பங்குத்தந்தை என்றால் பிங் குறொஸ்பி என்று நம்பிய பெற்றோரிடம் அவர்கள் எதைச் சொல்லியிருக்க முடியும்?

இந்தப் புலனாய்வை ரொம் மெக்கார்த்தி 2015 இல் 'ஸ்பொட்லைட்' என்ற படமாக்கினார். சிறந்த படத்துக்கான ஒஸ்கார் அதற்கே கிடைத்தது. அதில் குருமார் மிக அரிதாகவே தென்படுகிறார்கள். கொடுமை எதுவும் காட்டப்படுவதில்லை. செய்தியாளர்கள் பழைய மறைமாவட்ட விபரக்கொத்துகளை அடிமட்டம் வைத்து வரிவரியாகப் பார்க்கிறார்கள். 'சுகவீன விடுமுறை' என்று குறிக்கப்பட்ட பெயர்களை எண்ணுகிறார்கள். பத்திரிகைத் தொழிலின் சலிப்பான உழைப்பை இவ்வளவு உண்மையாகக் காட்டிய படத்தை நான் கண்டதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே தமக்கு வந்த தகவலைத் தம் பத்திரிகையே உட்பக்கத்தில் சிறு செய்தியாகப் போட்டு மறந்துவிட்டதையும் அதில் அவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். வத்திக்கான் நாளேட்டில் வெளியான கட்டுரையொன்று, இது கத்தோலிக்க விரோதப் படமன்று என எழுதியது. பிறீனின் காலத்தில் நினைத்துப் பார்க்கவும் இயலாத வாக்கியம் அது.

ஆனால் குருவானவரின் கதை பொஸ்டனுடன் முடிந்துவிடவில்லை. 2014 இல் வந்த 'கல்வாரி' என்ற ஐரிஷ் படம் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலேயே தொடங்குகிறது. சிறுவயதில் ஒரு குருவானவரால் சீரழிக்கப்பட்ட மனிதன், திரையின் மறுபுறமிருந்து பேசுகிறான். அந்தக் குருவானவர் இறந்துவிட்டார். தீய குருவானவரைக் கொல்வதால் யாருக்கும் ஒன்றும் உறைக்காது. ஆகவே நல்லவரான உங்களை அடுத்த ஞாயிறு கொல்லப்போகிறேன் என்கிறான். பிரெண்டன் கிளீசன் ஏற்ற அந்தக் குருவானவர் குரலை அடையாளம் காண்கிறார், பொலிசாரிடம் போகவில்லை. லோகனைப் போலவே மௌனமாயிருக்கிறார்.

அவ்வாரத்தில் ஒருநாள் அவர் கிராமத்து ஒழுங்கையில் நடந்து போகிறார். எதிரே தனியாக வந்த சிறுமியொருத்தியுடன் பேச்சுக் கொடுத்தபடி உடன் நடக்கிறார். மோட்டார் வாகனமொன்று விரைந்து வந்து நிற்கிறது. தகப்பன் இறங்குகிறான். அங்கி அணிந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்து, என்ன சொன்னாய் என் பிள்ளைக்கு என்று சினந்து, அவளை உள்ளே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான். குருவானவர் ஒழுங்கையின் நடுவே நிற்கிறார்.