தடங்கலுக்கு வருந்துகிறோம்

எனக்குச் சொந்த ஊர் திருவெள்ளறை. எங்கள் பெருமாள் கோவிலின் ராஜகோபுரம் பாதியிலேயே நின்றுபோன ஒன்று. பக்கத்து ஸ்ரீரங்கத்தில் மொட்டையாக நின்ற ராஜகோபுரம் 1987இல்தான் 236 அடிக்கு எழுந்தது. அதனாலோ என்னவோ, உயரமாக எதைப் பார்த்தாலும் "ஸ்ரீரங்கத்தைவிடப் பெருசா?" என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

போலந்தின் க்ளிவிட்சே நகரில் இருக்கும் வானொலிக் கோபுரம் பெருசுதான். 111 மீட்டர், அதாவது சுமார் 364 அடி. முழுக்க மரம். லார்ச் என்ற ஊசியிலை மரத்தின் சட்டங்களை 16,000க்கும் மேற்பட்ட பித்தளை போல்ட்டுகளால் முடுக்கியிருக்கிறார்கள். 1935இல் கட்டி முடித்தபோது அந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது, பெயர் க்ளைவிட்ஸ். போலந்து எல்லை கூப்பிடு தூரம்.

ஏன் மரம்? அங்கே ஆன்டெனா என்பது கோபுரத்துக்குள் செங்குத்தாகத் தொங்கிய ஒரு கம்பிதான். சுற்றிலும் இரும்புச் சட்டம் இருந்தால் அதிலும் மின்னோட்டம் தூண்டப்பட்டு அலைகள் பாழாகும். மரத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. லார்ச் பிசின் நிறைந்த மரம் என்பதால் மழைக்கும் பூச்சிக்கும் சுலபத்தில் மசியாது. அன்றைய ஜெர்மனியில் இப்படிப் பல மரக் கோபுரங்கள் எழுந்தன. 190 மீட்டர் உயர மியூலாக்கர் கோபுரத்தை 1945இல் பின்வாங்கிய எஸ்.எஸ். படையே வெடிவைத்துச் சாய்த்தது. க்ளிவிட்சே தப்பித்தது.

ஆனால் ஊர் பெயரை வரலாற்றில் ஏற்றியது மரமில்லை, ஒரு மைக்.

1939 ஆகஸ்ட் 31, இரவு எட்டு மணி. ஆல்ஃப்ரெட் நௌயோக்ஸ் என்ற எஸ்.எஸ். அதிகாரி ஒரு சிறு கும்பலோடு, போலந்துக் கிளர்ச்சிக்காரர்கள் மாதிரி நடித்து நிலையத்துக்குள் புகுந்தார். ஏற்பாடு ஹைட்ரிக்குடையது. நிலையத்தைப் பிடித்துவிட்டோம் என்று போலிஷ் மொழியில் அறிவிக்க வேண்டும், போலந்துதான் முதலில் அடித்தது என்று உலகம் நம்ப வேண்டும். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அங்கே ஸ்டுடியோவே கிடையாது! அந்த நிலையம் ப்ரெஸ்லாவ் நிகழ்ச்சியை வாங்கி அஞ்சல் செய்வது மட்டும்தான். தேடித் துழாவியதில் ஒரே ஒரு மைக் அகப்பட்டது. இடி மின்னலால் ஒலிபரப்பு நின்றால் நேயர்களுக்குச் சொல்வதற்கென்று வைத்திருந்த மைக். நம்ம ஊர் பாஷையில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' மைக்.

அதில்தான் பொய்யைச் சொன்னார்கள். ஒன்றிரண்டு வாக்கியம்தான் வெளியே போனது, அதுவும் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும். பரவாயில்லை; 'போலந்து தாக்கிவிட்டது' என்ற செய்தியை அன்றிரவே பெர்லின் உலகத்துக்குச் சொல்லிவிட்டது. விடிவதற்குள் போர் தொடங்கியது.

பொய்க்குச் சாட்சியாக ஒரு பிணமும் தேவைப்பட்டிருக்கிறது. ஃப்ரான்சிஷெக் ஹோனியோக், வயது 43, விவசாயக் கருவிகள் விற்றவர், போலந்து ஆதரவாளர். முந்தைய நாள் பிடித்துவந்து, மயக்க மருந்து கொடுத்து, கொன்று அங்கே போட்டார்கள். இரண்டாம் உலகப் போரின் முதல் பலி என்று பலர் அவரைச் சொல்கிறார்கள். நடந்தது இன்னதென்று நௌயோக்ஸ் 1945 நவம்பரில் நியூரம்பெர்க் விசாரணைக்காக வாக்குமூலம் கொடுத்தார்.

அதே 1939இல், மே 16 அன்றுதான் நம் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. எங்கள் தாத்தா அதன் பக்தர். மழைக்காலத்தில் இடி இடித்தால் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அடங்கியதும் மறுபடி சொருகுவார். நிகழ்ச்சி நடுவில் அறுந்து, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று குரல் வந்தால் அவருக்குக் கோபமே வராது. "பாரு, மறைக்காம சொல்றான்" என்பார்.

மென்பொருள் வேலைக்கு வந்தபின் அது எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது. சர்வர் விழுந்தால் அதை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதிப் போடுவோம். நாங்கள் எழுதும் எல்லாவற்றிலும் ஜனங்கள் சந்தேகமே இல்லாமல் நம்புவது அந்த ஒரு வரியைத்தான். விளம்பரத்தை யாரும் அப்படி நம்புவதில்லை. க்ளைவிட்ஸில் கும்பல் கையில் அகப்பட்டது அந்த மாதிரி ஒரு மைக். திட்டம் போட்டு எடுத்ததல்ல, வேறு இல்லாததால் எடுத்தது. இருந்தாலும் அந்த விவரம் என்னை விட மாட்டேன் என்கிறது.

கோபுரம் இன்றும் நிற்கிறது, ஐரோப்பாவின் மிக உயரமான மரக் கட்டுமானம். கீழே நிலையக் கட்டடம் அருங்காட்சியகமாகிவிட்டது. மேலே செல்போன் ஆன்டெனாக்கள்.